படியெடுத்த சுவர்கள்

(நாஞ்சில் நாட்டு வரலாற்றுத் தொடரின் ஒரு பகுதி)

குலசேகரத்துக்கு அருகே திருநந்திக்கரையில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுபவர்கள் நான்காவது ஆலயமாக வந்து வணங்கும் நந்தீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துப் பாறையில்தான் அந்தக் குகை. அந்தப் பாறையில் மனிதர்கள் இரண்டு வகையான தடயங்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். ஒன்று எழுத்து, மற்றது ஓவியம். எழுத்துகளில் ஒன்று முதலாம் இராசராசனின் 18-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 1003-ஐ ஒட்டிய காலம். அவன் பிறந்த ஐப்பசிச் சதயத்தை அங்கே விழாவாகக் கொண்டாடச் செய்த ஏற்பாட்டை அது சொல்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் கல்வெட்டும் அங்கே உண்டு. இவற்றைத் திருவிதாங்கூர் தொல்லியல் துறையினர் படியெடுத்து, வாசித்து, தங்கள் வெளியீட்டு வரிசையில் அச்சிட்டார்கள். அதனால் குகைக்கே போகாதவரும் இன்று அந்த வரிகளைப் படிக்கலாம், விவாதிக்கலாம், வாசிப்பில் பிழை இருந்தால் திருத்தலாம். அதே குகையின் சுவர்களில் இருந்த ஓவியங்களுக்கு இந்த வாய்ப்பு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று அறிஞர்கள் கருதும் அந்த ஓவியங்களில் இன்று எஞ்சியிருப்பவை சில கோடுகளும் மங்கிய வண்ணத் தீற்றல்களும்தான். ஒரே பாறை, ஒரே ஈரம், ஒரே வௌவால்கள். படியெடுக்கப்பட்டது வரலாறாக நின்றது. படியெடுக்கப்படாதது கரைந்துகொண்டே போனது. நாஞ்சில் நாட்டு ஓவியத்தைப் பற்றி இந்தப் பகுதியில் நான் முன்வைக்கும் கருத்து இதிலிருந்துதான் தொடங்குகிறது. சுவரோவியத்தின் நல்ல பிரதி மூலத்துக்கு ஒரு மாற்றுப் பொருள் மட்டும் அல்ல. கல்வெட்டுப் படியைப் போலவே அதுவும் ஒரு வரலாற்று ஆவணம். ஓவியக்கூடம் ஒன்று இந்த மண்ணுக்குச் செய்யக்கூடிய முதல் வேலையும் அதுவே.

இந்த இழப்பு திருநந்திக்கரையோடு முடியக்கூடியது என்றால் இவ்வளவு வலியுறுத்த வேண்டியதில்லை. கேரளச் சுவரோவிய மரபின் வரலாற்றை எழுதுபவர்கள் தங்கள் முதல் அத்தியாயத்தைத் திருநந்திக்கரையில்தான் தொடங்குகிறார்கள். அந்த மரபில் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுவே என்பது அவர்கள் கணக்கு. தமிழகத்து ஓவிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்பவர்களோ பனைமலை, காஞ்சி, சித்தன்னவாசல், தஞ்சை என்று போய்விடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டம் அந்த வரிசையில் வருவது அரிது. வேறொருவர் வரலாற்றின் தலைவாசலாக இருந்துகொண்டு, சொந்த வீட்டின் வரலாற்றில் இடமில்லாமல் நிற்கிறது இந்த நிலம். சித்தன்னவாசல் ஓவியங்களைப் பற்றி முதலில் அறிவித்தவர்களில் ஒருவரான து. அ. கோபிநாத ராவ்தான் திருவிதாங்கூர் தொல்லியல் துறையிலும் பணியாற்றி, இந்தப் பகுதியின் கல்வெட்டுகளை வெளியிட்டவர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அறிஞர்கள் எல்லைக் கோடுகளைப் பார்த்து வேலை செய்யவில்லை. பிரித்தது பின்னால் வந்த நிர்வாகம்.

இனி பத்மநாபபுரத்துக்கு வருவோம். வேணாட்டு அரசர் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601-ஐ ஒட்டி, கல்குளத்தில் எழுந்த கொட்டாரத்தை, அதாவது அரண்மனையை, மார்த்தாண்ட வர்மா 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் விரிவாக்கினார். 1750-இல் அவர் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்து, தம்மைப் பத்மநாப தாசன் என்று அறிவித்தார். கல்குளம் பத்மநாபபுரம் ஆனதும் அந்தக் காலத்தில்தான். அந்த அர்ப்பணிப்பைக் கட்டடமாக்கிக் காட்டுவது உப்பரிகை மாளிகை. நான்கு நிலைகள். கீழே கருவூலம், அதற்கு மேல் அரசர் படுக்கும் அறை, மூலிகை மரங்களால் இழைத்த கட்டில், அதற்கும் மேல் அரசர் ஓய்ந்திருக்கும் அறை, உச்சியில் தெய்வத்தின் அறை. செல்வத்தின் தலைமேல் அரசன், அரசன் தலைமேல் ஆண்டவன் என்ற அடுக்கு அது. உச்சி அறையில் பத்மநாபனுக்கென்று கட்டில் கிடக்கிறது. தூக்குவிளக்குகள் அணையாமல் எரிந்த இடம். நான்கு சுவர்களிலும் ஓவியங்கள். பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள், கோபியர் நடுவே கண்ணன், சாஸ்தா, தேவி என்று இடைவெளியே விடாமல் சுவர் நிரம்பியிருக்கிறது. நாட்டின் உண்மையான அரசர் குடியிருக்கும் அறை என்று மார்த்தாண்ட வர்மா வகுத்த இடத்துக்கு வரையப்பட்ட படங்கள் இவை. பார்வையாளர்களுக்காக வரைந்தவை அல்ல. அந்தக் காரணத்தால்தான் அவை இவ்வளவு நல்ல நிலையில் நமக்குக் கிடைத்தன. அதே காரணத்தால்தான் அவற்றை மிகச் சிலரே பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஓவியங்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால்தான் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது புரியும். முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையைச் சுவரில் பூசி வழவழப்பாக்குவார்கள். காய்ந்த பிறகு சுண்ணாம்பை இளநீரில் கரைத்துப் பல முறை மெல்லியதாக அடிப்பார்கள். இருபது முப்பது பூச்சு வரை போவது உண்டு. வெள்ளை என்று தனியே ஒரு வண்ணம் தேவையில்லை, சுவரே வெள்ளை. காவியும் மஞ்சளும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வருபவை. விளக்குக் கரி கறுப்பு தரும். அவுரி நீலத்தோடு ஒரு மரப் பிசினின் மஞ்சளைச் சேர்த்தால் பச்சை. வேப்பம் பிசின் வண்ணத்தைச் சுவரோடு ஒட்டவைக்கும். முதலில் மஞ்சள் கோட்டில் உருவத்தைக் குறித்து, அதைச் சிவப்பில் உறுதிப்படுத்தி, வண்ணங்களை வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்கு ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் கறுப்புக் கோட்டால் விளிம்பு கட்டுவார்கள். எந்த உருவத்துக்கு எந்த நிறம் என்பதிலும் ஒழுங்கு உண்டு: சாத்துவிக குணம் கொண்ட திருமாலும் கண்ணனும் இராமனும் பச்சை மேனியர், இராசத குணத்துக்குச் சிவப்பும் பொன் மஞ்சளும், தாமதத்துக்கு வெள்ளையோ கறுப்போ. கன்னத்தின் திரட்சியைக் காட்ட விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சிறு சிறு புள்ளிகளாக வண்ணத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். மயிரிழைத் தூரிகைக்குப் பதில் புல்லைக் கட்டிய தூரிகை. இவ்வளவு கைவேலையும் தங்கியிருக்கும் தளம் சுண்ணாம்புப் பூச்சு. ஓடு வழியே ஒரு மழைக்காலம் ஒழுகினால் போதும், கண்ணனின் கை இருந்த இடத்தில் கறை மட்டும் இருக்கும்.

அரண்மனைக்குப் போகும் ஒரு குடும்பம் என்ன பார்த்துவிட்டு வருகிறது? பூமுகத்தின் மரச்செதுக்கு, மந்திரசாலை, ஆயிரம் பேர் உண்ணக்கூடிய ஊட்டுப்புரை, தாய்க்கொட்டாரத்துத் தூண். பிறகு சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் பிற்காலத்து வரலாற்றுப் படங்கள். அவற்றுள் பெயர்பெற்றது 1741 குளச்சல் போருக்குப் பின் டச்சுத் தளபதி டிலனாய் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சி. அந்தப் படம் நூல்களிலும் இதழ்களிலும் திரும்பத் திரும்ப அச்சாகி, போர் நடந்த நாளில் ஓவியர் ஒருவர் பக்கத்தில் நின்று வரைந்ததைப் போன்ற நம்பிக்கையை உண்டாக்கிவிட்டது. மார்த்தாண்ட வர்மா தம்மை எப்படிக் கண்டார் என்பதற்கு நேரடிச் சான்றான படங்களோ மேல்மாடியில் இருக்கின்றன. சரணடையும் காட்சியில் அவர் வெற்றி வீரர். உச்சி அறைச் சுவர் முன்னால் அவர் தாசன். இரண்டில் எது அவர் காலத்துக் குரல் என்று கேட்டால் வரலாற்றாசிரியர் தயங்க மாட்டார். ஆனால் மக்கள் மனத்தில் பதிந்தது முன்னதுதான், ஏனென்றால் கண்ணில் படுவது அது. மேல்மாடி பாதுகாப்புக்காகப் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. அந்த முடிவு சரியானது. மரத் தளமும் சுண்ணாம்புச் சுவரும் தினமும் ஆயிரக்கணக்கான காலடிகளையும் மூச்சின் ஈரத்தையும் தாங்காது. மூடியது தவறில்லை. மூடிய பிறகு அதற்கு ஈடாக என்ன காட்டுகிறோம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குத் திருவிதாங்கூர் ஒருமுறை நல்ல விடை கண்டது. 1935 செப்டம்பர் 25 அன்று திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. இராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880-இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்தின் அதே வளாகம். ஓவியக்கூடத்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் கசின்ஸ். அன்னி பெசன்ட் அழைத்து 1915-இல் இந்தியா வந்த அயர்லாந்துக் கவிஞர், திருவனந்தபுரத்துக்கு முன்பே மைசூரில் ஜகன்மோகன் அரண்மனையின் ஓவியக்கூடத்தை 1924-இல் அமைத்துக் கொடுத்தவர், திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகர். அன்றைய நிலையில் அரச குடும்பத்துக்குப் பெருமை தேடித்தரும் எளிய வழி, கிளிமானூர் இரவிவர்மாவின் படங்களை வரிசையாக மாட்டி அதோடு நிறுத்திக்கொள்வதுதான். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், 1893-இல் சிகாகோவில் பதக்கங்கள் என்று உலகப் புகழ் பெற்ற ஓவியர் அவர். கசின்ஸ் இரவிவர்மாவுக்கு இடம் கொடுத்தார், அவரோடு நிற்கவில்லை. முகலாயர், இராசபுத்திரர், தஞ்சாவூர் பாணிப் படங்கள், வங்கத்தின் புதிய ஓவியர்கள், ரஷ்ய ஓவியர் ரோரிக், சீனா, ஜப்பான், திபெத், பாலி எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. அந்தத் தொகுப்பில் சுவரோவியங்களின் பிரதிகளும் இடம்பெற்றன: அஜந்தா, பாக், சித்தன்னவாசல், அவற்றோடு பத்மநாபபுரம். நம் கொட்டாரத்து மேல்மாடிச் சுவர் அஜந்தாவுக்குச் சமமான வரிசையில் பொதுமக்கள் முன் நின்றது இப்படித்தான். பின்னர் கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ், கசின்ஸ், தொல்லியல் துறையின் வாசுதேவப் பொதுவாள் மூவரும் சேர்ந்து திருவிதாங்கூரின் கலைகளைப் பற்றி எழுதிய நூல் 1948-இல் வந்தது. சுவர்களைப் படியெடுத்தும் எழுதியும் வைத்த அந்தத் தலைமுறை இல்லையென்றால், இந்த ஓவியங்களைப் பற்றிய நம் பேச்சு இன்னும் செவிவழிச் செய்தியாகவே இருந்திருக்கும்.

ஓவியக்கூடம் திறந்த ஆண்டை நாஞ்சில் நாட்டின் அன்றைய நிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாரும் நடக்க உரிமை கேட்டு 1926-இலும் 1930-இலும் சத்தியாகிரகம் நடந்தது. கோயிலுக்குள் நுழைவது பற்றியல்ல, தெருவில் நடப்பது பற்றிய போராட்டம் அது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12-இல்தான் வந்தது. ஓவியக்கூடம் திறந்தபோது இந்நாட்டு மக்களில் பெரும் பகுதியினருக்குச் சுசீந்திரத்தின் கோபுரத்துக்குள் இருந்த ஓவியங்களும், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் சுவர்களின் ஓவியங்களும் எட்டாதவை. அரண்மனையின் உச்சி அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மூலத்தின் மகத்துவத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். யாருடைய உழைப்பிலும் வரியிலும் அந்தச் சுவர்கள் எழுந்தனவோ அவர்களுக்கு மூலத்தைப் பார்க்க வழியில்லாத காலத்தில், கோயிலின் தீட்டு விதிகளுக்கு வெளியே இருந்த பொது இடமொன்று ஓவியத்தைச் சுவரிலிருந்து வெளியே கொண்டுவந்தது. பத்மநாபபுரத்துப் பிரதியின் மதிப்பை அதன் வண்ணத் தரத்தால் மட்டும் அளப்பது போதாது.

பிரதிக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு: படியெடுப்பவர் தம் காலத்துக் கண்ணைச் சுவரில் ஏற்றிவிடுகிறார், சில சமயம் சுவரையே கெடுத்துவிடுகிறார். இதை மறுக்க முடியாது. அஜந்தாவில் 19-ஆம் நூற்றாண்டில் படியெடுத்தவர்கள் ஓவியம் தெளிவாகத் தெரியட்டும் என்று சுவரில் வார்னிஷ் பூசினார்கள். அது மஞ்சளித்து, அழுக்கை ஈர்த்து, பின்னால் வந்தவர்களுக்குப் பெரும் தொல்லையானது. இராபர்ட் கில் பல ஆண்டுகள் உழைத்து எடுத்த பிரதிகளில் பெரும்பாலானவை 1866-இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் போயின. இவற்றைவிடக் கொடிய எடுத்துக்காட்டு ஜப்பானில் நடந்தது. ஹோரியூஜி ஆலயத்தின் பொன்மண்டபச் சுவரோவியங்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையானவை. 1949 ஜனவரி 26 அன்று, அவற்றைப் படியெடுக்கும் பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, மண்டபத்தில் தீப்பிடித்து ஓவியங்கள் கருகின. குளிருக்காகப் படியெடுப்போர் வைத்திருந்த மின் சூடேற்றி காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. பிரதி எடுக்கப் போய் மூலத்தை இழந்த கதை என்று இதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. எஞ்சிய பிரதிகளும் புகைப்படங்களும் கையில் இருந்ததால், ஓவியர்கள் அணிசேர்ந்து அந்தச் சுவர்களை மீண்டும் வரைந்தார்கள். 1968-இல் அவை மண்டபத்தில் பொருத்தப்பட்டன. தீக்கு அடுத்த ஆண்டே ஜப்பான் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. படியெடுக்கும் முறை பிழையானால் முறையைத் திருத்த வேண்டும். சுவரைத் தொடாமல், சூடேற்றாமல், பூச்சு பூசாமல் படியெடுக்க இன்று வழிகள் இருக்கின்றன. படியெடுக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருநந்திக்கரை இருக்கிறது.

நுண்மையான புகைப்படம் எடுக்க முடிகிற காலத்தில் ஓவியரை உட்காரவைத்து வரைய வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. புகைப்படம் கட்டாயம் வேண்டும். அளவுகோலோடும் வண்ண அட்டையோடும் எடுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுத்து ஒப்பிட வேண்டும். ஆனால் கேமராவுக்குக் கறையும் கோடும் ஒன்றுதான். கையால் படியெடுக்கும் ஓவியர் ஒவ்வோர் அங்குலத்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: இது முதல் ஓவியனின் கோடா, பிற்காலத்தில் மேலே இழுத்ததா, ஒழுகிய நீரின் தடமா? கல்வெட்டு அறிஞர் சிதைந்த எழுத்தின் முன் அமர்ந்து எடுக்கும் முடிவும் இதே வகைதான். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருக்கிறது என்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டது அப்படி ஒரு கூர்ந்த பார்வையால்தான். புல்லில் கட்டிய தூரிகை எவ்வளவு வளையும், புள்ளி எந்த அடர்த்தியில் நிறமாகும் என்பதெல்லாம் வரைந்து பார்த்தவருக்கே தெரியும். பிரதி எடுக்கும் பணி நடக்கும் ஊரில் அந்தக் கைவேலையும் பிழைத்திருக்கும்.

கோயில் ஓவியம் வழிபாட்டுக்குரியது, அதைக் காட்சிப் பொருளாக்கலாமா என்று தயங்குபவர்களும் உண்டு. அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். கருவறையைச் சுற்றியுள்ள சுவரில் ஓவியத்தின் இடத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது; வலம்வரும்போது எது முதலில் கண்ணில் படுகிறது என்பதில் ஒரு திட்டம் இருக்கிறது. திருவட்டாற்றில் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியே கண்டுவிட்டு வெளிச் சுவரின் ஓவியத்தைப் பார்ப்பவர் அடையும் தொடர்ச்சியை எந்தக் கூடமும் தர முடியாது. ஆனால் வழிபாட்டு இடம் என்பதாலேயே அந்தச் சுவர்களுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. கும்பாபிஷேகம் நெருங்கும்போது பழைய ஓவியத்தின் மேல் வெள்ளையடிப்பதும் பளிச்சென்று புது வண்ணம் பூசுவதும் தமிழகம் முழுவதும் நடந்திருக்கிறது. திருவட்டாற்றில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நடந்தது. நானூறு ஆண்டு இடைவெளியில் வரும் ஒரு திருப்பணிக்கு முன்னால் சுவர் எப்படி இருந்தது என்பதற்கு முழு அளவுப் படி இருந்தால், பக்தருக்கும் ஆய்வாளருக்கும் இடையே சண்டைக்கே இடமில்லை. பிரதியை வணங்க வேண்டியதில்லை. அது மூலத்தைக் காவல் காக்கட்டும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே தொடர்கிறது. அவர்கள் அதை நன்றாகவே பேணிவருகிறார்கள். நவராத்திரிக்கு உப்பரிகை மாளிகையிலிருந்து உடைவாளை எடுத்துக் கொடுக்க, சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படும் மரபும் இரு மாநிலமும் கூடி நடத்துவதுதான். எனவே அரண்மனையை யார் வைத்துக்கொள்வது என்ற பழைய தகராறைக் கிளறுவது என் நோக்கமல்ல. ஓவியத்தைப் பொறுத்தவரை பங்கீடு எப்படி முடிந்தது என்பதைத்தான் கவனிக்கிறேன். சுவர் இங்கே, மூடிய மாடியில்; பிரதி அங்கே, திருவனந்தபுரத்தில். அங்கேயும் 2023-இல் இரவிவர்மா படங்களுக்கென்று தனிக் கட்டடம் திறக்கப்பட்டது, நியாயமான மரியாதை. சுவரோவியப் பிரதிகளுக்கு அப்படி ஒரு வீடு எங்கும் இல்லை. சென்னையைப் பார்த்துக் காத்திருப்பதிலும் பயன் குறைவு. எழும்பூரில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் எழுந்து, 1951-இல் தேசிய ஓவியக்கூடமான செந்நிற மாளிகை, கட்டட உறுதி பற்றிய அச்சத்தால் 2002-இல் மூடப்பட்டு நீண்ட காலம் பூட்டியே கிடந்தது.

கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. திருநந்திக்கரையின் எஞ்சிய கோடுகள், பத்மநாபபுரத்து உச்சி அறை, திருவட்டாற்றுச் சுவர், சுசீந்திரம் கோபுரத்தின் உள்நிலைகள் ஆகிய நான்கையும் முழு அளவில் படியெடுத்து ஒரே கூடத்தில் வைத்தால், ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சி ஒன்றை ஒரு பள்ளிப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் நடந்து பார்க்கலாம். ஒவ்வொரு படியிலும் வரைந்தவர் பெயர், வரைந்த ஆண்டு, மூலத்தில் அழிந்திருந்த பகுதி எது, ஊகித்து நிரப்பியது எது என்பதைக் குறிக்க வேண்டும். ஊகித்த இடத்தை வெறுமையாக விடுவது இன்னும் நல்லது. இதற்குத் தமிழக அருங்காட்சியகத் துறை, அறநிலையத் துறை, இந்தியத் தொல்லியல் துறை, கேரளத் தொல்லியல் துறை நான்கும் கையெழுத்திட வேண்டியிருக்கும். உடைவாளை மாற்றிக்கொள்ள ஆண்டுதோறும் இரு மாநில அதிகாரிகள் உப்பரிகை மாளிகையில் கூடுகிறார்கள். அந்தக் கூடலில் இந்தக் கோப்பையும் எடுத்துவைக்கலாம். திருநந்திக்கரையில் இருந்து தொடங்குவதே முறை. அங்கே மிச்சமிருப்பது மிகக் குறைவு.